தனாசிஸும் நடு இடமும்

மத்தியஸ்தர் வகுப்பில் தேறிய தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் வாழ்த்துகள். கறுப்புச் சட்டையை வாங்கியாயிற்று, கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு தடவை விசிலும் ஊதிப் பார்த்தாயிற்று. உங்களில் பாதிப் பேர் இந்தக் கட்டுரையை அம்மாவிடம் கொடுத்து வாசித்துச் சொல்லச் சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே அம்மாவுக்கும் வணக்கம். உங்கள் பிள்ளை தெரிந்தெடுத்திருக்கும் வேலையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்களைப் பற்றிப் பல மொழிகளில் விசாரிப்பார்கள். மனம் நோக வேண்டாம். அவர்கள் உங்களைச் சந்தித்ததில்லை.

விதிகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவை உங்கள் புத்தகத்தில் இருக்கின்றன. மூலைக்கொடியின் உயரம் வரை இன்றைக்கும் ஒப்புவிப்பேன். அதைக் கேட்க என் மனைவிகூட ஆயத்தமாக இல்லை. விதி தெரிந்தவர்களுக்கு மெல்பேர்ணில் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. அவர்கள் எல்லோரும் வேலிக்கு வெளியே நிற்பார்கள். வேலிக்கு உள்ளே நிற்பவனுக்கு வேறொன்று வேண்டும். அதைச் சொல்வதற்கு ஒரு கிரேக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுபதுகளில் இந்த ஊர்க்காரர்களுக்கு முட்டை வடிவப் பந்தின்மேல்தான் பக்தி. வட்டப் பந்தைக் கப்பலில் வந்தவர்களுக்கு விட்டுவிட்டார்கள். கிரேக்கருக்கு ஒரு கழகம், இத்தாலியருக்கு ஒன்று, குரோஷியருக்கு ஒன்று, மோல்ட்டாக்காரருக்கு ஒன்று. மத்தியஸ்தராக யாரைப் போட்டாலும் அவர் யாராவது ஒரு கழகத்தின் மச்சானாக இருந்து தொலைத்தார். யாருக்கும் மச்சான் அல்லாத ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்திலிருந்து நானும் சிவாவும் வந்து இறங்கினோம். சிவா என்னோடு ஒரே பாடசாலை அணியில் ஆடியவன், பொறியியலாளன். நான் வார நாட்களில் ஓர் அரசாங்கக் காரியாலயத்தின் சட்டப் பிரிவில் வேலை பார்த்தேன். சனிக்கிழமைகளில் நான் விசில், அவன் எல்லைக்கோட்டில் கொடி.

எங்களை எந்த இனத்தில் சேர்த்துத் திட்டுவது என்று தெரியாமல் பார்வையாளர்கள் முதல் வருடம் முழுவதும் திண்டாடினார்கள். கிரேக்கர் எங்களை இத்தாலியர் என்றார்கள். இத்தாலியர் துருக்கியர் என்றார்கள். ஒரு கிழவர் மட்டும் கொஞ்சம் கிட்ட வந்து "இந்தியனே" என்று கத்தினார். சிவா வேலியருகே போய் "சிலோன், ஐயா" என்று திருத்திவிட்டு வந்தான்.

எங்களைப் பழக்கியவர் வட இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கிழட்டு மத்தியஸ்தர். பெயர் வேண்டாம், உயிரோடு இருந்தால் விரும்பமாட்டார். அவர் எனக்குச் சொன்ன புத்தி ஒன்றே ஒன்று. "விசில் ஊதின பிறகு பந்தைப் பார்க்காதே. அது ஒண்டும் சொல்லாது. சனத்தின்ர முகத்தைப் பார்." இதை அவர் யாழ்ப்பாணத் தமிழில் சொல்லவில்லை என்று உங்களில் யாராவது கை உயர்த்துவீர்கள். கையைக் கீழே போடுங்கள். யாழ்ப்பாணத்தான் கதை சொன்னால் அதில் வருகிற எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுவார்கள், கிரேக்கர் உட்பட.

தனாசிஸை நான் முதலில் கண்டது மழை பெய்த ஒரு சனிக்கிழமை. முதற்பாதியில் இடதுபக்க முன்வரிசையில் ஆடினார். இடைவேளைக்குப் பின் வலதுபக்கப் பின்வரிசையில் நின்றார். நடுவில் ஒருவர் நொண்டத் தொடங்கியதும் அங்கேயும் போனார். சிவா எல்லைக்கோட்டிலிருந்து கொடியை ஆட்டு ஆட்டென்று ஆட்டினான். ஓடிப்போனேன்.

"மச்சான், நிப்பாட்டு. உவங்கள் பன்னிரண்டு பேர் விளையாடுறாங்கள்."

"எண்ணினனியே?"

"எண்ணத் தேவையில்லை. உந்தச் சுருட்டைத் தலையன் ரண்டு பேர் நிக்கிறாங்கள்."

ஆட்டத்தை நிறுத்தி எண்ணினேன். பதினொரு பேர். நம்பிக்கையில்லாமல் மறுபடியும் எண்ணினேன். இம்முறை வேலிக்கு வெளியே நின்ற கிரேக்கர்கள் என்னோடு சேர்ந்து உரத்த குரலில் எண்ணினார்கள். பதினொன்று வரை கிரேக்க மொழியில் எண்ணுவதற்கு இப்படித்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் எண்ணிவிட்டு ஆட்டத்தை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு எண்ணாதீர்கள்.

தனாசிஸ் உண்மையில் நடுக்கள வீரர். அவருடைய நாட்டில் ஒரு துறைமுக நகரத்து அணியில் நடுவில் ஆடியவர். நடுவில் ஆடுவதற்காகவே இங்கே கூப்பிடப்பட்டவர். வந்து இறங்கிய வாரம் இடது பின்வரிசைக்காரருக்குக் காய்ச்சல். அந்த இடத்தில் ஒரு தடவை ஆடச் சொன்னார்கள், ஆடினார். நன்றாக ஆடினார். அதுதான் அவர் விட்ட பிழை. அடுத்த வாரம் வலது பக்கம், அதற்கடுத்த வாரம் முன்வரிசை. கிரேக்கப் பத்திரிகை அவரை "எங்கும் ஆடுபவர்" என்று புகழ்ந்தது. கல்யாண வீட்டில் தனக்குத் தேங்காய் துருவத் தெரியும் என்று ஒருமுறை காட்டிக்கொண்டவன் பிறகு தாலி கட்டுவதைப் பார்த்திருக்கிறானா? தனாசிஸ் அந்தக் கழகத்தில் நான்கைந்து வருடம் தேங்காய் துருவினார். வாரத்துக்கு ஒரு சட்டை, வாரத்துக்கு ஓர் இலக்கம். எட்டாம் இலக்கச் சட்டையை, அதாவது நடுக்கள வீரரின் சட்டையை, வேறு யாரோ போட்டுக்கொண்டு நடந்தார்கள். நடந்தார்கள் என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். ஓடியவர்களை நான் காணவில்லை.

கழகத்தின் தலைவர் ஒரு தளபாடக் கடை முதலாளி. ஆட்களையும் அலுமாரிகளையும் ஒரே மாதிரி நகர்த்துவார்.

இனிச் சொல்லப்போவது ஒரு பருவத்தின் கடைசி ஆட்டம். கிரேக்கருக்கும் இத்தாலியருக்கும். கிரேக்கர் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும், சமநிலையில் முடித்தால் தப்பலாம். எங்கள் கிழவர் என்னை மதிப்பிடுவதற்காகப் பார்வையாளர் பக்கத்தில் குடையோடு உட்கார்ந்திருந்தார். ஆட்டத்துக்கு முன் சப்பாத்துகளின் அடியைப் பார்ப்பது எங்கள் கடமைகளில் ஒன்று. தனாசிஸ் காலைத் தூக்கிக் காட்டினார்.

"இண்டைக்கு எங்கே நிக்கிறீர்?" என்று கேட்டேன்.

"வலது பின்னுக்கு. ஆனா இண்டைக்குத் தோக்காட்டில் வாற வருசம் நடுவில. எட்டாம் நம்பர். தலைவர் எல்லாருக்கும் முன்னால சொன்னவர்."

"நம்பிறீரோ?"

"தாய்மேல சத்தியம் பண்ணினவர்."

எங்கள் விளையாட்டில் தாய்மாரின் பெயர் எவ்வளவு மலிவாகப் புழங்கும் என்பதை மேலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அந்த மனிதருக்கு முப்பத்திரண்டோ முப்பத்துமூன்றோ வயது. இன்னும் எத்தனை வருடம் ஓட முடியும் என்பது அவருக்கும் தெரியும். மற்றக் காலையும் காட்டும்படி சொன்னேன். காட்டினார்.

ஆட்டம் ஆளுக்கு ஒரு கோலோடு முடிவை நெருங்கியது. மைதானம் வயல்போலச் சேறாகிவிட்டது. தலைமுதல் கால்வரை எல்லோரும் ஒரே நிறம். அன்றைக்கு மட்டும் எங்கள் நிறத்தை யாரும் கவனிக்கவில்லை. கிரேக்கர் தங்கள் இரண்டு மாற்று வீரர்களையும் இறக்கிவிட்டிருந்தார்கள். அப்போது இத்தாலியருக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. பந்து உயர்ந்து வந்தது. கிரேக்கரின் கோல் காப்பாளர் பாய்ந்தார், பந்தை விட்டுவிட்டுக் கம்பத்தைப் பிடித்தார், அதாவது தோளால் இடித்தார். ஒருவர் தலையால் முட்ட, பந்து வெறும் கோலை நோக்கிப் போனது. கோட்டின்மேல் தனாசிஸ் நின்றார். பந்து அவரில் பட்டு வெளியே போனது.

நெஞ்சிலா, கையிலா? எனக்கும் அவருக்கும் இடையில் ஐந்தாறு முதுகுகள். காப்பாளர் எழும்பவில்லை என்பதால் விசில் ஊதி நிறுத்தினேன். சிவாவைப் பார்த்தேன். பரீட்சைத் தாளைத் திருப்பிப் பார்த்து மறுபக்கமும் விளங்காதவனின் முகம். கூப்பிட்டேன். அவன் வந்து, கம்பமும் காப்பாளரும் மறைத்ததால் தானும் காணவில்லை என்றான். இத்தாலியர் பதினொரு பேரும் தங்கள் கைகளை என் முகத்துக்கு முன்னால் நீட்டிக் கை என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

வீரனிடமே கேட்கலாமா? கேட்காதே என்று விதிப்புத்தகம் சொல்லவில்லை. கேள் என்றும் சொல்லவில்லை. வழி தெரியாத இடத்தில் புத்தகம் எப்போதும் இப்படித்தான், சங்கடமான கேள்வி வந்தால் பெரியவர்கள் தொண்டையைச் செருமுவதுபோல. நான் கேட்டேன்.

"தனாசிஸ், கையில பட்டதோ?"

அவர் என்னைப் பார்த்தார். தலைவர் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, "நே" என்றார்.

"நோ எண்டுறான் மச்சான்," என்றான் சிவா. "கேட்டனியே? கோர்ணரைக் குடு, போவம்."

எனக்கும் அப்படித்தான் கேட்டது. இத்தாலியருக்கும் அப்படித்தான் கேட்டது. "பொய்யன், பொய்யன்" என்று வானத்தைக் கூப்பிட்டார்கள். அதற்குள் கிரேக்கக் கப்டன் எங்களைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வந்தார். "ஓஹி! ஓஹி!" என்று கத்தினார்.

"பார், கப்டனும் ஓகே எண்டுறான். எல்லாருக்கும் சம்மதம். கெதியா முடியடாப்பா, குளிருது."

மூலை உதைக்குக் கையைத் தூக்கப்போனவன் கிழவரின் புத்தி நினைவுக்கு வந்து முகங்களைப் பார்த்தேன். ஓகே என்ற கப்டன் தனாசிஸின் சட்டைக் கழுத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். சேற்றில் கிடந்த காப்பாளர் தலையை மட்டும் தூக்கித் தனாசிஸிடம் ஏதோ ஒரு சொல் சொல்லிவிட்டு மறுபடி படுத்தார். பயிற்றுநர் தொப்பியைக் கழற்றிச் சேற்றில் எறிந்து அதன்மேல் ஏறி நின்றார். வேலியருகே தலைவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்திருந்தார். தனாசிஸ் கையில் படவில்லை என்று சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டியவர்கள் இவர்கள். இவர்கள்தான் அவரைக் கொல்ல நின்றார்கள்.

தண்டனை உதைப் புள்ளியைக் காட்டினேன், பெனால்ரி.

"விசரே உனக்கு?" என்றான் சிவா. "அவன் இல்லையெண்டெல்லோ சொன்னவன்!"

"கப்டனைப் பார். இல்லையெண்டு சொன்னவன்ர கழுத்தைச் சொந்த ஆக்களே நெரிப்பினமே?"

சிவா பார்த்தான். "அட," என்றான். இருபது வருடச் சிநேகத்தில் அவன் என்னிடம் தோற்றதை ஒத்துக்கொண்ட ஒரே சொல் அது.

இந்த இடத்தில் உங்களில் விதி தெரிந்தவர் சிவப்பு அட்டை எங்கே என்று கேட்பார். இன்றைக்கு என்றால் சிவப்பு அட்டைதான். அன்றைக்கு அந்த விதி பிறக்கவில்லை. கோலுக்குள் போகும் பந்தைக் கையால் தடுத்தவனுக்கு எதிராகத் தண்டனை உதையோடு கதை முடியும், அவன் தொடர்ந்து ஆடலாம். தனாசிஸ் தொடர்ந்து ஆடினார். எங்கே ஆடினார் என்பதுதான் கதை.

காப்பாளரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இறக்குவதற்கு மாற்று வீரர் இல்லை. மிஞ்சியவர்களில் ஒருவர் கோலில் நிற்க வேண்டும். கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த கப்டன் உட்பட எல்லோரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் முன்னர் கொல்ல நின்றவர்களுக்கு அவரிடம் உதவி கேட்பதில் ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

"நிப்பியா?" என்று பயிற்றுநர் கேட்டார்.

"நே," என்றார் தனாசிஸ்.

காப்பாளர் மாறினால் மத்தியஸ்தருக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. அறிவிக்க வந்தார். காயப்பட்டவரின் சட்டை தனாசிஸுக்கு இடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டது. நனைந்த கம்பளிக் கையுறைகளை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டேன்.

"நே எண்டால் ஓமோ?"

"நே," என்றார்.

சந்தேகம் தீர்வதற்கு இதைவிட மோசமான பதில் உலகத்தில் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யெஸ்" என்றார். அப்படியானால் கப்டன் கத்திய "ஓஹி"தான் கிரேக்கத்தில் "இல்லை". பிறகு, "நீர் கேட்டனீர். நான் என்ன சொல்ல?" என்றார்.

கோல் கோட்டருகே அப்படி நின்றபோது எனக்கு ஒன்று விளங்கியது. இடது பக்கமா, நே. முன்வரிசையா, நே. கையில் பட்டதா, நே. இவர் நடு இடத்தை ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு "ஓம்" சொல்லி இழந்தவர். இன்று கடைசியாகவும் ஒரு "ஓம்" சொல்லிக் கோட்டின்மேல் வந்து நிற்கிறார்.

"உதைக்கும் வரைக்கும் காலை அசைக்கக்கூடாது," என்றேன். அன்றைய விதி அது. தலையசைத்தார்.

இத்தாலியரில் தண்டனை உதையில் கெட்டிக்காரர் ஒருவர் பந்தை வைத்தார். காப்பாளர்கள் எப்போதும் ஒரு பக்கமாகப் பாய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அவர் நேரே நடுவில், முழுப் பலத்தோடு அடித்தார். பாய வேண்டும் என்பது தனாசிஸுக்குத் தெரியாது. காலை அசைக்கக்கூடாது என்று மத்தியஸ்தர் சொல்லியிருக்கிறார், அசைக்கவில்லை. பந்து நெஞ்சில் பட்டு, மூச்சை நிறுத்தி, சேற்றில் விழுந்து, அங்கேயே தங்கியது. அவர் அதன்மேல் விழுந்தார். இத்தாலியர் பதினொரு பேரும் இப்போது வானத்தைப் பார்த்துச் சொன்னதை அம்மாமார் வாசிப்பதால் எழுதவில்லை.

சமநிலை. கிரேக்கர் தப்பினார்கள்.

கிழவர் குடையை உதறிக்கொண்டு மத்தியஸ்தர் அறைக்குள் வந்தார்.

"அந்தப் பெனால்ரியை எந்த விதிப்படி குடுத்தனீர்?"

"அவன்ர கப்டன் அவன்ர கழுத்தை நெரிச்சவர்."

"உது விதியில இல்லை."

"இல்லை."

குடையை மடக்கினார். "அடுத்த பதிப்பில சேர்க்கச் சொல்லுவம்," என்றுவிட்டுப் போனார். எனக்குத் தரம் உயர்ந்தது. சிவாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கண் பரிசோதனைக்குப் போகும்படி மட்டும் சொன்னார்கள்.

உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது நடைபாதையில் கூட்டம். தலைவர் ஒரு கதிரைமேல் ஏறி நின்று, கண்ணீர் வடித்துக்கொண்டு பேசினார். கிரேக்க மொழியில்தான் பேசினார், ஆனால் "கோல் கீப்பர்" என்ற சொல் எல்லா மொழியிலும் ஒன்றுதான். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வருடம் தனாசிஸ்தான் கோல் காப்பாளர் என்று கப்டன் பூரித்துப்போய் எனக்கு மொழிபெயர்த்தார். "கடவுள் குடுத்த நெஞ்சு ரெஃபரி, எல்லா இடத்திலயும் விளையாடிப் பார்த்து, கடைசியில சரியான இடத்தைக் கண்டுபிடிச்சிட்டம்!"

தனாசிஸ் சுவரில் சாய்ந்து நின்றார். இன்னும் மூச்சு முழுதாக வரவில்லை. தலைவர் கதிரையிலிருந்து இறங்கி வந்து, கைகளை விரித்து, அவருடைய பதிலுக்குக் காத்து நின்றார். எல்லோரும் காத்து நின்றார்கள். நானும் அந்த ஒற்றைச் சொல்லுக்குக் காது கொடுத்தேன்.

தனாசிஸ் சுவரைவிட்டு நிமிர்ந்தார். கம்பளிக் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். விரித்த தலைவரின் கைகளைப் பிடித்து, வலதில் ஒன்றும் இடதில் ஒன்றுமாக, குழந்தைக்குப் போடுவதுபோல விரல் விரலாக மாட்டிவிட்டார். சேற்றுத் தண்ணீர் தலைவரின் கோட்டுக் கைக்குள் ஓடியது. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு போனார். வாசலைக் கடக்கும்வரை அவர் ஏதோ பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

அடுத்த வருடம் என்னைச் சில வாரங்களுக்குச் சிட்னிக்கு அனுப்பினார்கள். இப்போது நீங்கள் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் காரில் போகும்போது கடக்கும் பக்கத்தில் ஒரு மைதானம். அப்போது முருகனுக்கு விசா கிடைத்திருக்கவில்லை. இரண்டு கீழ்ப்பிரிவு அணிகள். ஒரு அணியில் எந்த நாட்டுக்காரர் என்று சொல்ல முடியாத ஒரு கலவை, பயிற்றுநர் ஓர் அவுஸ்திரேலியர். அந்த அணியில் எட்டாம் இலக்கச் சட்டையோடு தனாசிஸ் நின்றார். சுருட்டைத் தலை கொஞ்சம் நரைத்திருந்தது. என்னைக் கண்டு கையை உயர்த்தினார். ஆட்டம் முழுவதும் நடுவில் ஆடினார், மற்றவர்கள் பந்தைத் தொலைக்கும் அழகைப் பொறுமையோடு பார்த்துக்கொண்டு. மிக மோசமான அணி. அவர் அதற்குள் மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

இரண்டாம் பாதியில் அவர்களுடைய இடது பின்வரிசைக்காரர் நொண்டத் தொடங்கினார். அந்தப் பக்கத்தாலேயே ஒரு கோலும் விழுந்தது. பந்தை எடுத்து மைய வட்டத்தில் வைத்தார்கள். தனாசிஸ் அதன்மேல் ஒரு காலை வைத்தபடி நின்றார். வெளியே பயிற்றுநர் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்.

"தனாசிஸ்! பின்னுக்குப் போ! லெஃப்ட் பக்கம்! தனாசிஸ்!"

தனாசிஸ் என்னைப் பார்த்தார்.

"அவர் என்ன சொல்லுறார்?"

பயிற்றுநர் கத்தியது சுத்தமான ஆங்கிலம். அவர் மறுபடி கத்தினார். கோடிவரை எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"எனக்கும் விளங்கேல்லை," என்றேன். "பந்தை உதையும்."

விசிலை ஊதினேன்.